மண்ணுக்கு ஒரு தராசு

நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மரமும் பறவையும் தொழிலும் பண்ணும் இன்னவென வகுத்துக் கொண்ட இனம் தமிழினம். கரிசலையும் செம்மண்ணையும் களரையும் கண்ணாற் கண்டு, கையிலே அள்ளி முகர்ந்து, அதன் தரத்தைக் கூறத் தமிழ் உழவன் அறிந்திருந்தான். ஆயின், நிறமோ மணமோ சுவையோ இல்லாத நஞ்சொன்று மண்ணிற் கலந்துவிடின் அதனை எவ்வாறு அறிவது? அறிந்தபின், இவ்வளவு இருந்தால் வாழலாம், இதற்கு மேற்பட்டால் ஆகாது என்று எல்லை வகுப்பவர் யார்? இருபதாம் நூற்றாண்டு மாந்தர்க்குக் கதிரியக்கம் விடுத்த புதிய வினா இதுவேயாகும். அவ்வினா மலேசிய மண்ணிலும் எழுந்தது. சிற்றூர் மக்களே அதனை எழுப்பினர்.

தோட்டமும் தராசும்

பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில், நிபோங் தெபால் வட்டாரத்தில் அமைந்தது பைராம் தோட்டம். சற்றே தெற்கு நோக்கிச் சென்றால் பேராக் மாநில எல்லை வந்துவிடும். இவ்வட்டாரத்துத் தோட்டங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பும், பின்னர் ரப்பரும், அதன்பின் செம்பனையும் பயிராயின. கடல் கடந்து வந்த தமிழர் அம்மண்ணை வெட்டித் திருத்தினர். அதிலேயே வாழ்ந்து அதிலேயே அடங்கினர்.

தோட்டப்புற மக்கள் தராசின் அருமையை நன்கறிந்தவர்கள். விடியற்காலையில் வெட்டிச் சேர்த்த ரப்பர்ப் பாலை நிறுக்குமிடத்தில் கிராணியார் பேரேட்டிற் குறிக்கும் எண்ணே அன்றைய கூலியை முடிவு செய்தது. எனவே, ‘எடை என்ன?’ என்று கேட்பதோடு அவர்கள் அமைதியடைவதில்லை. ‘தராசு சரியானதா? அதைப் பிடிப்பவர் யார்?’ என்னும் ஐயமும் உடன் எழுந்தது. கதிரியக்கப் பாதுகாப்பு அளவின் வரலாற்றை ஆராய்வோர்க்கு இவ்விரு கேள்விகளும் சிறந்த வழிகாட்டிகளாம்.

அளவு பிறந்த வரலாறு

1895 ஆம் ஆண்டில் ரோண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். 1896 இல் பெக்கரல் யுரேனியத்தின் கதிரியக்கத்தை உணர்ந்தார். 1898 இல் கியூரி இணையர் ரேடியத்தைக் கண்டனர். உலகம் வியப்பிலாழ்ந்தது. ஆயின், அக்கதிர்களைக் கையாண்ட மருத்துவர்களும் ஆய்வாளர்களும் தோல் வெந்தும் விரல் இழந்தும் உயிர் துறந்தும் அவற்றின் கொடுமையை உலகுக்கு உணர்த்தினர்.

இதன் விளைவாக 1928 இல் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய அறிஞர்கள் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கென ஒரு குழுவை அமைத்தனர். இன்று ‘அனைத்துலகக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம்’ என அழைக்கப்படுவது அதுவே. 1934 இல் அக்குழு, நாளொன்றுக்கு 0.2 ரோண்ட்கன் வரை ஒருவர் தாங்கலாம் என வகுத்தது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால், இன்று தொழிலாளர்க்கு விதிக்கப்பட்டுள்ள வரம்பைப் போல் இருபது மடங்குக்கும் மேற்பட்டது அவ்வளவு.

அறிவு வளர வளர எல்லை சுருங்கியது. ஐம்பதுகளில் தொழிலாளர்க்கு ஆண்டுக்கு 50 மில்லிசீவர்ட் எனவும், பொதுமக்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 5 மில்லிசீவர்ட் எனவும் வரையறுக்கப்பட்டது. 1985 இல் பொதுமக்களுக்கான முதன்மை வரம்பு 1 மில்லிசீவர்ட்டாகக் குறைக்கப்பட்டது. 1990 ஆம் ஆண்டுப் பரிந்துரையில் தொழிலாளர்க்கான அளவு, ஐந்தாண்டுச் சராசரியாக, ஆண்டுக்கு 20 ஆயிற்று. இயற்கையில் மனிதன் பெறும் கதிர்வீச்சு உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் ஆகும். மேற்கூறிய வரம்புகள் இயற்கையானதற்கு மேல் தொழிலாற் சேர்வதற்கு உரியவை.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். ‘பாதுகாப்பு அளவு’ என்பது வானத்திலிருந்து இறங்கிய மாறா எண் அன்று. எவ்வளவு குறைந்த கதிரும் சிறிதளவேனும் தீங்கு செய்யக்கூடும் என எண்ணி, இயன்ற அளவு குறைப்பதே நெறி என்பது ஆணையத்தின் கொள்கை. ஆதலின் வரம்பு என்பது, ‘இந்த அளவு தீங்கை ஏற்கலாம்’ என்று ஒரு தலைமுறை செய்து கொண்ட தீர்ப்பேயாகும். அத்தீங்கைச் சுமப்போர் யார் என்பதே உடன் கேட்கவேண்டிய கேள்வி.

மனிதனிலிருந்து மண்ணுக்கு

மேலே கண்டவை மனித உடலுக்கான அளவுகள். மண்ணுக்கான அளவை இவற்றிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டே பெறவேண்டும். மாசுற்ற மண் மனிதனை மூன்று வழிகளில் அடைகிறது. மண்ணின் மேல் நிற்போரை அதிலிருந்து வெளிப்படும் காமாக் கதிர் நேரே தாக்கும். புழுதியும், மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவும் மூச்சுடன் உட்புகும். வேரின் வழியாகவும் நீரின் வழியாகவும் ஏறியவை உணவாக உட்செல்லும். இவ்வழிகளில் ஒருவர் ஓராண்டில் பெறக்கூடியதை மதிப்பிட்டு, அது வரம்பை மீறாதிருக்க மண்ணில் எவ்வளவு இருக்கலாம் எனக் கணக்கிடுவர்.

ஜப்பானில் 2011 இல் நேர்ந்த புக்குஷிமா விபத்துக்குப் பின் நெல்வயலுக்கு வகுக்கப்பட்ட எல்லை இதற்குத் தெளிவான சான்று. அப்பொழுது அரிசியில் இருக்கத்தக்க சீசியத்தின் தற்காலிக எல்லை கிலோவுக்கு 500 பெக்கரல். மண்ணில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கு அரிசிக்கு ஏறும் எனக் கொண்டனர். எனவே மண்ணில் கிலோவுக்கு 5,000 பெக்கரலைத் தாண்டிய வயலில் நடவு கூடாது என்றனர். பெருக்கல் வாய்பாடு அறிந்த மாணவனும் இக்கணக்கைப் போடலாம். ஆயின் 2012 இல் உணவின் எல்லையே 100 பெக்கரலாகக் குறைக்கப்பட்டது.

அமெரிக்க வரலாறு இன்னொரு பாடத்தைக் கற்பிக்கிறது. கொலராடோ மாநிலத்துக் கிராண்ட் ஜங்ஷன் நகரில், யுரேனிய ஆலையின் கழிவு மணலை நல்ல மணலெனக் கருதி, வீடுகளின் அடித்தளத்திலும் நடைபாதையிலும் கொட்டினர். பின்னரே அவ்வீடுகளில் கதிரியக்க வாயு நிறைந்திருப்பது தெரிய வந்தது. 1978 இல் சட்டம் பிறந்தது. 1983 இல் மண்ணுக்கு அளவும் பிறந்தது. இயற்கையாக உள்ளதற்கு மேல், மேற்பரப்பின் 15 சென்டிமீட்டர் ஆழம் வரையில் கிராமுக்கு 5 பிக்கோகியூரி ரேடியம் இருக்கலாம்; அதற்குக் கீழ் 15 வரை இருக்கலாம் என விதித்தனர். இவற்றுள் முதல் எண் உடல்நலம் கருதியது. இரண்டாவதோ, புதைந்து கிடக்கும் கழிவைக் கருவிகொண்டு தேடிக் கண்டுபிடிக்க உதவும் நடைமுறை அளவேயாகும். சட்டத்தில் இரண்டும் அருகருகே நிற்கின்றன. படிப்போர் இரண்டையும் ஒன்றெனக் கொள்வர். எண் எதற்காகப் பிறந்தது என வினவாதார் இவ்வாறு மயங்குதல் இயல்பு.

ஈயவயலின் எச்சம்

மலேசியாவில் இச்சிக்கல் ஈயத்தின் வழியே வந்தது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயவயல்களில் ஈயத்தாது பிரித்தபின் எஞ்சும் கருமணலை ‘அமாங்’ என்பர். அதில் இல்மனைட், சிர்க்கோன், மோனசைட், செனோடைம் முதலிய கனிமங்கள் உள்ளன. மோனசைட்டில் அருமண் தனிமங்களோடு தோரியமும் பிணைந்திருக்கிறது.

மோனசைட் தமிழகத்துக்கும் உறவுடையது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் அது மிகுதியாக உள்ளது. 1909 இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க் என்பார், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு அதனை அறிந்தார். கேரளத்துக் கருநாகப்பள்ளிக் கடற்கரையிலும் இத்தகைய மணல் உண்டு. அங்கு வாழும் ஏறத்தாழ எழுபதாயிரம் பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து 2009 இல் வெளியான ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சால் அவர்களிடையே புற்றுநோய் மிகுந்ததாகக் காணப்படவில்லை எனக் கூறியது. இதனையும் மறைக்காமற் கூறுவதே நேர்மை. எனினும், இயற்கை பரப்பி வைத்த மணல் வேறு. ஆலையில் அரைத்து, அமிலத்திற் கரைத்து, செறிவாக்கி, ஓரிடத்திற் குவித்த கழிவு வேறு.

இவ்வேறுபாட்டைக் கணக்காலும் காணலாம். நொடிக்கு ஓர் அணு சிதைவதே ஒரு பெக்கரல். ஒரு கிராம் தூய தோரியத்தில் நொடிக்கு ஏறத்தாழ 4,000 அணுக்கள் சிதைகின்றன. மலேசிய மோனசைட்டில் தோரியம் நூற்றுக்கு ஆறு பங்கு எனக் கொண்டால், கிராமுக்கு 240 பெக்கரல் ஆகும். ஐக்கிய நாட்டு அறிவியற் குழு 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, மலேசிய மண்ணில் தோரியத்தின் சராசரி கிலோவுக்கு 82 பெக்கரல். அதாவது கிராமுக்கு ஒரு பெக்கரலில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கருங்கல் மிகுந்த நாடாதலின் இதுவே உலகச் சராசரியை விட உயர்ந்தது. ஆயினும் மோனசைட் இதனைப்போல் ஏறத்தாழ மூவாயிரம் மடங்கு. தோரியம் பாதியாகக் குறைய 1,400 கோடி ஆண்டுகள் செல்லும். அதற்குக் காவல் வைக்க எந்த அரசினாலும் இயலாது.

பப்பானும் புக்கிட் மேராவும்

பைராம் தோட்டத்தார்க்குப் ‘பாரிட்’ என்றால் அண்டையிலுள்ள பாரிட் புந்தாரும், ‘புக்கிட் மேரா’ என்றால் வட பேராக்கிலுள்ள ஏரியும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஈண்டுப் பேசப்படுவன அவையல்ல. இந்தப் பாரிட் பேராக் ஆற்றங்கரைச் சிறுநகர். இந்தப் புக்கிட் மேரா ஈப்போவுக்கு அருகிலுள்ள சீனர் புதுக்கிராமம்.

1979 இல் ‘ஏஷியன் ரேர் எர்த்’ என்னும் நிறுவனம் பதிவு பெற்றது. ஜப்பானின் மிட்சுபிஷி வேதியியல் நிறுவனமும் மலேசியப் பங்காளர்களும் அதில் இணைந்திருந்தனர். 1982 இல் புக்கிட் மேராவில் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அமாங்கிலிருந்து அருமண் பிரித்தெடுப்பது அதன் தொழில். எஞ்சும் தோரியக் கழிவு, பிற்காலத்தில் அணு எரிபொருளாகப் பயன்படக்கூடும் என அன்று கருதப்பட்டது.

கழிவை வைக்க முதலில் பாரிட்டில் இடம் பார்க்கப்பட்டது, மக்கள் எதிர்த்தனர். பின்னர் பப்பான் என்னும் சிற்றூருக்கு அருகே குழிகள் தோண்டப்படுவதை 1983 இன் இறுதியில் அவ்வூரார் கண்டனர். 1984 மே மாதத்தில் 6,700 பேர் கையொப்பமிட்ட மனு பிரதமருக்கும் அமைச்சர்களுக்கும் அனுப்பப்பட்டது. ஜூலைத் தொடக்கத்தில் பெண்டிரும் பிள்ளைகளுமாய் ஏறத்தாழ மூவாயிரம் பேர் ஆர்ப்பாட்டம் செய்தனர். தக்க பாதுகாப்பு உண்டு என அரசு உறுதி கூறியது. ஆயின் அதே ஆண்டு செப்டம்பரில், அரசின் அழைப்பின் பேரில் வந்த அனைத்துலக அணுசக்தி நிறுவனத்தார் மூவர், குழிகள் பாதுகாப்பானவை அல்ல என்றனர். படிப்பறிவு குறைந்தோர் அஞ்சியதை வல்லுநரே பின்னர் உறுதி செய்தனர் என்பது எண்ணத்தக்கது. 1985 ஜனவரியில் துணைப் பிரதமர் மூசா ஹித்தாம் அவ்விடங்களை நேரிற் கண்டார். கழிவுக் கிடங்கு கிலேடாங் மலைத்தொடருக்கு மாற்றப்பட்டது.

போராட்டம் அத்தோடு நிற்கவில்லை. கிடங்கு இல்லாத காலத்தில் கழிவு எங்கே கிடந்தது என்னும் கேள்வி புக்கிட் மேரா மக்களை விழிக்கச் செய்தது. ஜார்ஜ் டவுனைத் தலைமையிடமாகக் கொண்டு, எஸ். எம். முகமது இத்ரிஸ் தலைமையில் இயங்கிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் சஹாபாட் ஆலாம் மலேசியாவும் அவர்களுக்குத் துணை நின்றன. 1984 டிசம்பரில் ஜப்பானிய அறிஞர் சடாவோ இச்சிக்காவா புக்கிட் மேராவுக்கு வந்து, தொழிற்சாலையை ஒட்டிய திறந்தவெளியிலும் குட்டைப் பகுதியிலும் கதிரியக்கத்தை அளந்தார். அது ஏற்கத்தக்க வரம்பைத் தாண்டியது என்றார். நிறுவனத்தார் அதனை ஏற்கவில்லை. ஒரே மண்; இரு தராசுகள்; இரு வேறு எடைகள்.

நீதிமன்றத்தில் அளவுகோல்

1985 பிப்ரவரியில் புக்கிட் மேராவாசிகள் எண்மர், ஊரார் அனைவர் சார்பிலும் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அதே மாதம் அணுசக்தி உரிம வாரியமும் செயற்படத் தொடங்கியது. தக்க பாதுகாப்புச் செய்யும்வரை கழிவை உண்டாக்கவோ வைக்கவோ கூடாதென அக்டோபரில் நீதிமன்றம் தடை விதித்தது. 1987 பிப்ரவரியில் வாரியம் உரிமம் வழங்கவே, தொழிற்சாலை மீண்டும் இயங்கியது. செப்டம்பரில் முழு விசாரணை தொடங்கியது. அடுத்த மாதமே ‘ஓப்பராசி லாலாங்’ என்னும் நடவடிக்கையில் நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கைதாயினர். புக்கிட் மேராச் செயற்குழுவின் தலைவர் ஹியூ யூன் தாட், பயனீட்டாளர் சங்கத்தின் சட்ட ஆலோசகர் மீனாட்சி ராமன் ஆகியோரும் அவருள் அடங்குவர். லாலாங் என்பது, தோட்டத் தொழிலாளர் வெட்ட வெட்டத் துளிர்க்கும் புல்லின் பெயர். வழக்கும் அப்புல்லைப் போலவே மீண்டும் தழைத்தது.

விசாரணை 65 நாள்கள். அது பரவிக் கிடந்த காலமோ முப்பத்திரண்டு மாதங்கள். தொழிற்சாலை தொடங்கியபோது அனைத்துலக ஆணையத்தின் ஏட்டில் ஐந்தாக இருந்த பொதுமக்கள் வரம்பு, வழக்குத் தொடுத்த ஆண்டில் ஒன்றாகிவிட்டிருந்தது. அளந்தவர் யார், எவ்விடத்தில் அளந்தார், எந்த ஆண்டின் அளவுகோலைக் கொண்டார் என்பன எல்லாம் தீர்ப்பை மாற்றவல்ல வினாக்களாயின. 1992 ஜூலையில் நீதிபதி பெ சுவீ சின் மக்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, பதினான்கு நாள்களுக்குள் தொழிற்சாலையை மூட ஆணையிட்டார். வழக்குத் தொடுத்தவருள் ஒருவராகிய வூன் தான் கான் அத்தீர்ப்பைக் காண உயிருடன் இல்லை. எனினும் வழக்கு இன்றும் அவர் பெயராலேயே சட்ட ஏடுகளில் வழங்குகிறது.

வெற்றி நிலைக்கவில்லை. மேல்முறையீட்டினால் ஆணை நிறுத்தி வைக்கப்பட்டது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. நிறுவனத்தின் வல்லுநர் கூற்றே சோதனைகளை அடிப்படையாகக் கொண்டு நம்பத்தக்கதாய் உள்ளது. உரிமத்தை நீக்கும் அதிகாரம் வாரியத்துக்கு இருத்தலின் மக்கள் அதனிடமே முறையிட்டிருக்க வேண்டும் என்பன அதன் காரணங்கள். ஆயினும் 1994 ஜனவரியில் நிறுவனம் தானே தொழிற்சாலையை மூடுவதாக அறிவித்தது. சட்டத்தில் வென்றோர் வெளியேறினர். தோற்றோர் தம் மண்ணில் நிலைத்தனர்.

மலையில் அடங்கிய மண்

மூடியபின் மண் என்னவாயிற்று? பல கோடி வெள்ளிச் செலவில் துப்புரவு நடந்தது. 2011 இல் வெளியான செய்தியின்படி, ஆலையின் சுவடே இல்லாதவாறு அடியிலிருந்த மாசுற்ற மண்ணும் பாறை தெரியும்வரை அகழப்பட்டது. 11,000 லாரிச் சுமைகள் அகற்றப்பட்டன. கிலேடாங் வனத்தில் ஒரு குன்றின் உச்சியை வெட்டி, உள்ளே கழிவை வைத்து, களிமண்ணாலும் கருங்கல்லாலும் இருபது அடிக்கு மேல் மூடினர். பாதுகாப்பானது என வாதிட்டு வென்ற இடத்தைத் துப்புரவாக்க இத்துணைப் பொருள் தேவைப்பட்டது என்பதை வரலாறு குறித்து வைத்துள்ளது.

அளவுகோலும் தெளிவடைந்தது. இயற்கைத் தோரியம், யுரேனியம் ஆகியவற்றுக்குக் கிராமுக்கு 1 பெக்கரல் என்னும் எல்லையை அனைத்துலக அணுசக்தி நிறுவனம் 2004 இல் பரிந்துரைத்தது. மலேசியாவிலும் அவ்வெண்ணே கட்டுப்பாட்டின் வாயிற்படியாகக் கொள்ளப்படுகிறது. நாட்டின் இயற்கை மண்ணைப்போல் அது ஏறத்தாழ பன்னிரு மடங்கு; மோனசைட்டிலோ இருநூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. குவந்தானுக்கு அருகே கெபேங்கில் 2012 இல் லைனாஸ் அருமண் ஆலை இயங்கத் தொடங்கியபோது, மக்கள் முதலிற் கேட்டது கழிவில் எத்தனை பெக்கரல், அது எங்கே அடங்கும் என்பதையே. பப்பான் மக்கள் குழியைக் கண்டபின் கேட்டதைக் குவந்தான் மக்கள் ஆலைக்கு முன்னரே கேட்டனர். அவ்வளவில் அறிவு வளர்ந்துள்ளது.

மண்ணுக்குரிய பாதுகாப்பு அளவை அறிவியல் தருகிறது என்பது பாதி உண்மை. அறிவியல் தருவது தராசு. எத்தனை தீங்கு ஏற்கத்தக்கது என்னும் படிக்கல்லை வைப்பது சமுதாயம். அப்படிக்கல்லை வைக்கும்பொழுது, அம்மண்ணில் பிள்ளை வளர்ப்போர் உடனிருக்க வேண்டும் என்பதே புக்கிட் மேரா கற்பித்த பாடம். ரப்பர்ப் பால் நிறுக்குமிடத்தில் கிராணியாரின் கையை உற்று நோக்கிய தோட்டத் தொழிலாளிக்கு இப்பாடம் புதியதன்று. அவன் பேரப்பிள்ளைகள் இன்று பெக்கரலும் சீவர்ட்டும் தமிழிற் கற்கலாம், எண்ணைக் கேட்கலாம், எண் எங்ஙனம் வந்தது எனவும் கேட்கலாம். அக்கேள்வி வகுப்பறையிற் பழகினால், நாளை ஊர்மன்றத்திலும் தயங்காமல் எழும்.